இல்லாத பிரேக்

மாஸ்டரின் முட்டி போனது வண்டியில் அல்ல. நடைபாதையில், நின்ற இடத்தில் போனது.

வண்டிக்குள் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஐம்பது வயது. டிரைவிங் ஸ்கூலின் பின்தெருவில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை நான் இறங்கிக்கிறேன், தனியா எடுங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் நடைபாதையின் விளிம்பில் போய் நின்றார்.

வண்டி விளக்குக் கம்பத்தை நோக்கி வந்தது. மாஸ்டர் கத்தவில்லை. வாய்க்கு முன்னால் கால் வேலை செய்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம். ஸ்கூல் வண்டிகளில் மாஸ்டர் சீட்டின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. மாணவர் மறந்தால் மாஸ்டர் மிதிப்பார். அந்தப் பிரேக்கை அவர் நடைபாதையில் மிதித்தார். அங்கே பிரேக் இல்லை. நடைபாதையும் பாதிப் பாதத்துக்குத்தான் இருந்தது. கால் ஒரு பக்கம் இறங்கியது, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியது, வலது முட்டிக்குள் நாற்காலிக் கால் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

பல் டாக்டர் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே வண்டியை நிறுத்தியிருந்தார். நேராக, அழகாக.

"எப்படி மாஸ்டர்?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கு," என்றார். "ஹேண்ட் பிரேக் போடுங்க."

முட்டிக்குள் குறுக்காக ஓடும் நார் ஒன்று அறுந்திருந்தது. சர்ஜன், தொடையின் பின்பக்கத்திலிருந்து வேறு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த இடத்தில் கோத்துக் கட்டினார். "என் வேலை ஒன்றரை மணி நேரம். உங்க வேலை ஆறேழு மாசம்," என்று கை கழுவினார். நிஜமாகவே குழாயைத் திறந்து கழுவினார்.

நாலாம் நாள் ஸ்கூல் முதலாளி ஒரு பை பழத்தோடு வீட்டுக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். மாஸ்டரின் கால் பெல்ட்டும் கம்பியுமாக நீட்டிக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மாஸ்டர், பத்து வாரம் தரேன். அதுக்குள்ள கால் வந்துடுமா?"

"வந்துடும் சார்."

"நம்ம யார்டுல வண்டி ஓடும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் குறுக்க இழுப்பேன். பக்கத்து சீட்ல நீங்க. உங்க கால் பிரேக்ல விழணும். வேற ஒண்ணும் வேண்டாம். புதுசா ஓட்டுறவங்க உயிர் உங்க கால்லதானே இருக்கு."

"விழும் சார்."

"விழலைன்னாலும் கவலைப்படாதீங்க. கவுன்ட்டர் இருக்கு."

மாஸ்டருக்கு முட்டியைவிட இது வலித்தது. கவுன்ட்டர் என்பது கண்ணாடித் தடுப்பு, அதில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, பின்னால் ஒரு நாற்காலி. விண்ணப்பம் வாங்க வேண்டும். போட்டோ ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டியதைப் பிய்த்து நேராக ஒட்ட வேண்டும். இதற்குமுன் அங்கே இருந்தவர் பல வருடம் அந்த ஓட்டை வழியாகக் குனிந்து பேசிப் பேசி, ஓய்வு பெற்ற பிறகு மருமகளிடமும் குனிந்தே பேசினார் என்று கேள்வி.

பத்து வாரம். மாஸ்டர் காலண்டரில் வட்டம் போட்டார்.

பிசியோதெரபி நிலையம் ஒரு நீள அறை. சுவரெல்லாம் கண்ணாடி, நடுவில் நாலு கட்டில். பிசியோ ஒரு சின்னப் பெண். அதட்டும் குரல் இல்லை. கெஞ்சும் குரலும் இல்லை. மாஸ்டரின் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள்.

"தொடையை இறுக்கி, இந்தத் துண்டை நசுக்குங்க சார்."

மாஸ்டர் நசுக்கினார். முகம் சிவந்தது. தாடை பிதுங்கியது. மற்ற காலின் பெருவிரல் விறைத்து நின்றது.

"முகத்தை இல்ல சார். தொடையை."

"தொடையைத்தான்மா நசுக்குறேன்."

அவள் தொடைமேல் கை வைத்துப் பார்த்தாள். தசை பிழிந்து போட்ட துணிபோல் கிடந்தது.

"தூங்குது சார். ஆபரேஷனுக்கு அப்புறம் பல பேருக்கு இப்படி ஆகும். முட்டி வீங்கியிருந்தா தொடைக்குப் போற உத்தரவு நடுவுலயே நின்னுடும். தசைக்கு ஒண்ணும் கெடுதி இல்ல. நீங்க சொல்றது அதுக்கு எட்டல."

"நான் சொல்லி ஒருத்தருக்கு எட்டாமப் போனதே கிடையாது."

"அடுத்த தெருவுக்கே எட்டும்," என்றாள் மாஸ்டரின் மனைவி. அவள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி. எங்கே போனாலும் கூடவே ஒரு பை வரும்.

"இதை எழுப்பலைன்னா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"முட்டி மடங்கும், நீளும். ஆனா பலம் இருக்காது. திடீர்னு ஒண்ணை மிதிக்கணும்னா கால் வராது."

மாஸ்டர் மறுபடி முகத்தை நசுக்கினார்.

இரண்டு வாரம் அப்படியே போனது. வாரம் ஐந்து நாள் நிலையத்துக்குப் போக வேண்டும். போவது டாக்சியில். முதல் டிரைவரிடம் மாஸ்டர் "இண்டிகேட்டர்" என்று மட்டும்தான் சொன்னார். இரண்டாமவரிடம் "இண்டிகேட்டர் எதுக்கு வச்சிருக்கான்னு தெரியுமா?" என்று கேட்டார். மூன்றாமவர் சிக்னலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து, மாஸ்டர் பக்கத்துக் கதவைத் திறந்து, "நீங்களே ஓட்டுங்க" என்றார். நீட்டியிருந்த காலைப் பார்த்ததும் பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மறுநாள் டாக்சி ஆபீசில் விலாசத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள்.

மனைவி பட்டன் டப்பாவைத் திறந்தாள். கீழே, கொக்கிகளுக்கும் காஜா நூலுக்கும் அடியில், லைசென்ஸ் இருந்தது.

அந்த லைசென்சுக்கு ஒரு கதை உண்டு. பதினாறு வருடத்துக்கு முன் மாஸ்டர் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பாடம் பதினோரு நிமிடம் நடந்தது. பன்னிரண்டாவது நிமிடம் அவள் நடுரோட்டில் வண்டியை அணைத்து, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்து போய் ஒரு காலர் தைத்தாள். மாஸ்டர் இதை ஒவ்வொரு புது மாணவருக்கும் முதல் நாளே சொல்வார். கேட்டவர் சிரிப்பார். பயம் தெளியும். அவர் சொல்லாமல் விட்ட பாதி இது: ஆறு மாதம் கழித்து அவள் பஸ் ஏறிப் போய் வேறொரு ஸ்கூலில் கற்றுக்கொண்டு, முதல் தடவையே பாஸ் ஆனாள். லைசென்சைக் கொண்டுவந்து காட்டினாள். மாஸ்டர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கு," என்றார். அதற்குப் பிறகு அது பட்டன் டப்பாவில் இருந்தது. காலாவதி ஆகும்போதெல்லாம் புதுப்பித்தாள். வண்டிச் சாவி மட்டும் கைக்கு வரவில்லை.

இப்போது சாவிக்குக் கை நீட்டினாள்.

"ஒரே ஒரு கண்டிஷன். வண்டி ஓடும்போது நீங்க வாயைத் திறக்கக் கூடாது. நின்னப்புறம் என்ன வேணாலும் பேசுங்க."

"ஆபத்துன்னா?"

"ஆபத்துன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கத்துவோம். அது கணக்குல வராது."

மாஸ்டர் காலண்டரைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, காலை நேராக நீட்டி, கழுத்தில் ஒரு துண்டோடு உட்கார்ந்தார். அவள் கிளட்சை விட்டாள். வண்டி தவளைபோல் மூன்று தாவு தாவி நின்றது. மாஸ்டர் துண்டைக் கடித்தார். நாலாவது தாவில் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததை அவர் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு சைக்கிள்காரர். நின்றிருந்த லாரி. பள்ளிக்கூட வாசல். ரவுண்டானா வட்டத்தில் எப்போது நுழைவது என்று அவள் யோசித்த நேரத்தில் வட்டத்தைச் சுற்றி வந்த ஒரே பஸ் இரண்டாம் முறை வந்தது. மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டில் பல் பதிந்திருந்தது. இறங்கியபோது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது.

பிசியோ வழக்கம்போல் தொடையில் கை வைத்தாள். கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"சார், காலையில வீட்டுல என்ன பயிற்சி பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"தசை நடுங்குது பாருங்க. நல்லா வேலை செஞ்சிருக்கு. எத்தனை தடவை இறுக்குனீங்க?"

"நான் எங்கம்மா இறுக்குனேன்? அவ ஓட்டினா."

 மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இல்லாத பிரேக்கை மிதிச்சிட்டே வந்தீங்களா?"

"பழக்கதோஷம்."

பிசியோ காலின் பெல்ட்டைச் சோதித்தாள். முட்டி அசையாதபடி பூட்டியிருந்தது. குதிகால் தரையில் ஊன்றியிருக்கும், தொடை மட்டும் இறுகும். கட்டிலில் படுக்கவைத்து அவள் இரண்டு வாரமாகக் கேட்டது அதைத்தான். அலமாரியைத் திறந்து, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு கம்பி, நுனியில் ஒட்டும் வில்லைகள். தொடையில் ஒட்டினாள்.

"தசை இறுகினா இது கீச்சுனு கத்தும். எத்தனை தடவைன்னு எண்ணும். ஒரு நாளைக்கு அறுபது வரணும் சார். எப்படி வருதுங்கறது உங்க பாடு." மனைவி பக்கம் திரும்பினாள். "அக்கா, கொஞ்ச நாளைக்கு நீங்களே ஓட்டுங்க."

"எவ்வளவு மோசமா ஓட்டணும்?"

"இன்னிக்கு மாதிரியே போதும்."

முதல் நாள் எண்பத்து மூன்று வந்தது.

மனைவி அந்தப் பெட்டிக்குக் கோள்மூட்டி என்று பெயர் வைத்தாள். மாஸ்டரின் முகத்தில் ஒன்றும் தெரியாது. கை மடியில் இருக்கும். வாய் பூட்டியிருக்கும். ஆனால் அவள் ஒரு ஆட்டோவை உரசுவதுபோல் கடந்தால் அவர் தொடையிலிருந்து கீச்சென்று ஒரு புகார் எழும்.

சிக்னலில் நின்றபோது மாஸ்டர் கேட்டார். "நின்னிருக்கு. பேசலாமா?"

"பேசுங்க."

"இப்பக் கத்தினது நான் இல்ல. கால்."

"வாயை மூடச் சொன்னா தொடையால பேசுறீங்க. பிறவிக் குணம் எங்க போகும்."

பச்சை விழுந்தது. மாஸ்டர் மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நிலையத்தின் வாசலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்த பிறகு கேட்டாள்.

"மார்க்கெட் திருப்பத்துல ஏன் கத்துச்சு?"

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வரும். நடுவில் அவள் அப்பாவின் பெயரும் வரும். ஆனால் திருப்பம் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கோபம் ஆறிப்போயிருந்தது. பிரசங்கத்துக்கு வேண்டிய சூடு இல்லை.

"கண்ணாடி பார்க்கல," என்றார்.

"பால் வண்டிக்குப் பின்னாடி?"

"ரொம்ப ஒட்டிப் போனே."

"ஆஸ்பத்திரி கேட்ல?"

"அது சும்மா. நாய் குறுக்க வரும்னு நினைச்சேன். வரல."

"ம்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் மார்க்கெட் திருப்பத்தில் கோள்மூட்டி கத்தவில்லை. பால் வண்டிக்குப் பின்னாலும் கத்தவில்லை. தப்பிய தையலைப் பிரித்து மறுபடி போடுகிறவள் அவள். ஒரே இடத்தில் இரண்டு தடவை பிரிக்க மாட்டாள். கிளட்ச் பற்றி அவள் அவரிடம் கேட்கவே இல்லை. பட்டுத் துணிக்கு மெஷின் மிதியை எவ்வளவு அழுத்துவது, கான்வாசுக்கு எவ்வளவு என்று அந்தக் காலுக்கு ஏற்கெனவே தெரியும். பத்தே நாளில் வண்டி தவளைத்தனத்தை விட்டது.

பிசியோ சந்தோஷப்பட்டாள். தொடை விழித்துவிட்டது. முட்டி நூறு டிகிரி மடங்கியது, நூற்றுப் பத்து மடங்கியது. பெல்ட்டின் பூட்டைத் திறந்துவிட்டாள். இரண்டு ஊன்றுகோல் ஒன்றாயிற்று.

ஆனால் பெட்டியின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் வாரம் அறுபது. ஆறாம் வாரம் முப்பத்து நாலு. ஏழாம் வாரம் ஒரு நாள், போக வர இரண்டு வழிக்கும் சேர்த்து, ஒன்பது.

பிசியோ டேப்பால் இரண்டு தொடையையும் அளந்தாள். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் குறைவு.

"வீட்டுல படுத்துட்டே பண்ணச் சொன்னது?"

"பண்றேனே."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி பொய் சொல்லாது. "காலையில பதினொண்ணு. அதுவும் அரை மனசாக் கத்தியிருக்கு."

"மேல விட்டத்தைப் பார்த்துட்டு எப்படிம்மா மிதிக்கிறது? குறுக்க ஒண்ணும் வரலையே."

"இன்னும் மூணு வாரம்தான் இருக்கு சார்."

அது மாஸ்டருக்குத் தெரியும். கண்ணை மூடினால் அரைவட்ட ஓட்டை தெரிந்தது. திரும்பும்போது, சிக்னலில் நின்றதும், மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பழைய மாதிரி ஓட்டேன்."

"எந்த மாதிரி?"

"அதான். முதல் வாரம் ஓட்டினியே, அந்த மாதிரி."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பதினாறு வருஷமா எனக்கு ஓட்ட வராதுன்னு பார்க்கிறவங்ககிட்டல்லாம் சொன்னீங்க. இப்ப வந்துடுச்சு. வந்ததை எங்க கொண்டு போய் விடுறது?"

"கியரையாவது கொஞ்சம் தப்பாப் போடு."

"வண்டி கெட்டுடும்," என்றாள். பத்தொன்பது வருடமாக அவர் மாணவர்களுக்குச் சொல்லிவந்த வசனம். அதே இழுப்போடு சொன்னாள்.

மறுநாள் மாஸ்டர் பெரிய வட்டத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் தன்னை இறக்கிவிடச் சொன்னார். ஐந்து சாலை சேரும் இடம். ஒழுங்கு என்று ஒன்று அங்கே எப்போதோ இருந்திருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து, ஊரார் ஓட்டுவதைப் பார்த்தார். ஒரு வேன் இண்டிகேட்டர் போடாமல் வெட்டியது. கீச். ஒரு கார் நுழையும் வழியில் வெளியேறியது. கீச், கீச்.

பக்கத்தில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "தம்பி, உங்க போன் அடிக்குது."

"போன் இல்லீங்க. தொடை."

பெரியவர் பேப்பரை மடித்தார். பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார். அடுத்த கீச்சுக்கு எழுந்து நின்றார். அவருடைய பஸ் வரவில்லை. வேறு ஏதோ பஸ் வந்தது. அதில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் எழுபத்து நாலு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நூற்றைத் தொட்டது. அதன்பின் மனைவி தினமும் நிலையத்திலிருந்து அவரை அங்கே கொண்டுவந்து விட்டு, தையலை முடித்து, வந்து அழைத்துப் போனாள், பிள்ளையைப் பள்ளிக்கு விட்டு அழைப்பதுபோல. பிசியோ எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்பட்டாள்.

"அக்கா, நீங்க ஓட்டுறது மோசமாயிடுச்சா?"

"நான் நல்லாத்தான் ஓட்டுறேன். ஊர்தான் மோசம்."

ஒன்பதாம் வாரம் டேப்பில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். பத்தாம் வாரம் பிசியோ அவரை ஒரு கட்டைமேல் ஏறி இறங்கச் சொன்னாள். இருபது தடவை இறங்கினார். முட்டி ஆடவில்லை. சர்ஜனும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்.

வட்டம் போட்ட தேதி வந்தது.

யார்டு, ஸ்கூலின் பின்னால், வெள்ளைக் கோடுகள் போட்ட ஒரு மைதானம். மூன்று பக்கம் வேலி, ஒரு பக்கம் ஸ்கூல் பெயர் எழுதிய சுவர். முதலாளி ஒரு காலி டிரம்முக்குப் பின்னால் நின்றார். அவர் கையில் கயிறு. கயிற்றின் நுனியில் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி.

"வண்டியை யார் ஓட்டுறது?" என்று கேட்டுவிட்டு அவரே யோசித்தார். "மாணவரை வச்சு விளையாட முடியாது. மத்த மாஸ்டருங்க வெளிய போயிருக்காங்க. உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கில்லம்மா?"

"இருக்கு," என்றாள் கூட வந்திருந்த மனைவி. பட்டன் டப்பாவிலிருந்து பர்சுக்கு அது எப்போதோ குடிமாறியிருந்தது.

"நீங்க நேரா முப்பதுல வாங்க. பெட்டி எப்ப வரும்னு சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் பத்து வாரம் கழித்துத் தன் சீட்டில் உட்கார்ந்தார். காலடியில் இரண்டாவது பிரேக். அதன் ரப்பர் அவர் செருப்பின் அளவுக்கே தேய்ந்திருந்தது. தொடையில் கோள்மூட்டி ஒட்டியிருந்தது; முதலாளிக்கு ஆதாரம் வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று பிசியோ சொல்லியிருந்தாள்.

வண்டி கிளம்பியது. இருபது. முப்பது. பெட்டி குறுக்கே சரிந்தது. வண்டி நின்றது.

முதலாளி ஓடிவந்து உள்ளே குனிந்து பார்த்தார். மாஸ்டரின் கால் காலடி விரிப்பின்மேல், செருப்புக் கடையில் அளவு கொடுக்க வைத்ததுபோல், சாவகாசமாக இருந்தது.

"மாஸ்டர், பிரேக் போட்டது யாரு?"

"நான் சார்," என்றாள் மனைவி.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை முதலாளி பெட்டியைக் கடைசி நொடியில் இழுத்தார். வண்டி பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கோள்மூட்டி வாயே திறக்கவில்லை.

மாஸ்டருக்கு வேர்த்தது. பெட்டி வருவதைப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டதையும் பார்த்தார். அதோடு கால் தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டது.

"வேணும்னே மிதிங்க," என்று மனைவி உதட்டை அசைக்காமல் சொன்னாள். "நான் கொஞ்சம் லேட்டாப் போடுறேன்."

நாலாம் தடவை மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஆனால் இரண்டு பிரேக்கும் ஒரே தண்டில் பூட்டியவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் பக்கமும் இறங்கும். அவர் கால் போய்ச் சேர்ந்தபோது பிரேக் ஏற்கெனவே கீழே இருந்தது. கோள்மூட்டி கடமைக்கு ஒருமுறை முனகியது.

"லேட்டாப் போடுறேன்னியே," என்றார் மாஸ்டர்.

"வரலைங்க. கால் தானாப் போயிடுது."

முதலாளி கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். "மனசு கஷ்டப்படாதீங்க மாஸ்டர். கவுன்ட்டருக்குப் புது நாற்காலி போட்டிருக்கேன். சக்கரம் வச்சது."

 மனைவி எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, இறங்கினாள். டிரம்மிடம் போய்க் கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

"என்னோட வந்தா அவர் கால் வராது சார். பழகிப்போச்சு. நீங்க ஓட்டுங்க, நான் இழுக்கிறேன்."

"நானா?"

முதலாளி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. காலையில் ஒரு மாஸ்டர் அழைத்துவருவார், மாலையில் ஒரு மாஸ்டர் கொண்டுபோய் விடுவார். அவர் லைசென்ஸ் கவுன்ட்டருக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"ஏன், ஓட்டுவேனே," என்று ஏறி உட்கார்ந்தார்.

சீட்டைச் சரிசெய்தார். கண்ணாடியைத் தனக்குத் திருப்பித் தலைமுடியைப் பார்த்தார். கியர் எங்கே என்று குனிந்து தேடினார். வண்டி கிளம்பிவிட்டது, அவர் இன்னும் கியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு இடப்பக்கம் போயிற்று. வண்டி வலப்பக்கம் போயிற்று. ஸ்கூலின் பெயர் எழுத்து எழுத்தாகப் பெரிதாகி வந்தது.

மனைவி கயிற்றைத் தொடக்கூட இல்லை.

கால் விழுந்தது. தொடையிலிருந்து எழுந்த கீச்சு நிற்கவே இல்லை, ரயில் ஊதுவதுபோல் நீண்டது. வண்டி மூக்கு சுவரைத் தொடாமல் நின்றது. முதலாளியின் மூக்குக்கண்ணாடி முகத்தைவிட்டுக் கழன்று டேஷ்போர்டில் போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் கோள்மூட்டி மட்டும் பேசியது. பிறகு அதுவும் அடங்கியது.

"பெட்டி இன்னும் இழுக்கலையே," என்றார் முதலாளி.

"தேவைப்படல சார்," என்றார் மாஸ்டர்.

அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை. தொடை கல்போல் இருந்தது. "ஹேண்ட் பிரேக் போடுங்க," என்றார்.

முதலாளி இறங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தன் பெயரும் இருந்த சுவரை ஒரு தடவை பார்த்தார். "திங்கக்கிழமை வந்துடுங்க மாஸ்டர்," என்றார். பிறகு, கயிற்றை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் போனார்.

"நீங்க யாருகிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"பதினோரு நிமிஷம் இவர்கிட்ட. மீதி வேற ஸ்கூல்ல." கொஞ்சம் யோசித்தாள். "கடைசித் தையல் மட்டும் இவர் கால்கிட்ட."

"நிறைய பேர் வந்து கேக்குறாங்க. சத்தம் போடாத மாஸ்டர் வேணுமாம். ஒரு வண்டி சும்மாதான் நிக்குது."

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்."

இருவரும் தங்கள் வண்டிக்கு நடந்தார்கள். மாஸ்டர் ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். முன் சீட்டை முன்னால் இழுத்து, முட்டியை மடக்கி உட்கார்ந்தார். அவள் பெல்ட் போட்டாள். சாவியைத் துவாரத்தில் வைத்தாள், திருப்பவில்லை.

கீச்.

அவள் அவரைப் பார்த்தாள். "வண்டி நின்னுட்டுத்தானே இருக்கு. இப்ப எதுக்கு?"

நின்ற வண்டியில் பேசலாம். ஒப்பந்தம் அதுதான். மாஸ்டர் வாயைத் திறந்தார். சத்தம் போடாத மாஸ்டரைத்தான் கேட்கிறார்கள் என்பதும், சக்கரம் வைத்த நாற்காலி இன்னும் காலி என்பதும் ஞாபகம் வந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

"கண்ணாடி பார்த்து எடு," என்றார்.

"பார்த்தாச்சு," என்றாள்.